எர்த் கம்பி

ஃப்ளெக்ஸ்காரன் அவள் பெயரில் பாதியைத் தின்றுவிட்டான்.
நோரா கார்த்வெயிட்,
மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் மூன்று நாள்
நூரா கார்த்தி என்று தொங்கினாள்.
பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
போலந்தில் இதைவிட மோசம் என்றாள்.

கொழும்பிலிருந்து எங்கள் ஊருக்கு டிக்கெட் மலிவாம்.
அதனால் மதுரை. வேறு காரணம் சொல்லவில்லை.
லாட்ஜ் மொட்டைமாடி, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி,
செல்லூர் சந்தனமாரி ஆடியோஸ் நான்,
கூடமாட சோணைமுத்து.

என் இங்கிலீஷ் மிக்சரில் எழுதியிருக்கிற அளவுதான்:
கெயின், மிட், ட்ரெபிள், மியூட்.
அதை வைத்தே அவளுடைய முப்பது வருஷத்தைக் கேட்டுக்கொண்டேன்,
ஒயர்ச் சிக்கலைப் பிரித்தபடி.

மீன் ஏலம் போகிற ஊரில் பிறப்பு.
பத்தொன்பது வயதில் கப்பலேறி ஹாம்பர்க்.
அங்கே இசைத்தட்டு போட்ட கம்பெனி
மூன்றாம் தட்டோடு முழுகியது.
லிஸ்பனில் ஒரு புருஷன், ஒரு சமையல்கட்டு, இருபது பாட்டு.
பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாளாம்.
போலந்தில் அதில் ஒன்றைக்
கல்யாணத்துக்குக் கல்யாணம் போடுகிறார்கள்.
அது கட்டினவனை விட்டுப் போகிறவள் பாட்டு.
அவளும் போய்ச் சொல்லவில்லை.
ஒசாகாவில் சோறு வடிக்கிற குக்கர் விளம்பரத்துக்கு
எட்டு விநாடி ம்ம்ம் என்றாள்.
மூன்று வருஷ வாடகை அதில் கழிந்தது.
சொந்த ஊரில்?
தங்கச்சி கேட்பாள் என்றாள்.
ஒரு ஒயரைச் சுற்றி முடிக்கிற நேரம் கழித்து:
எப்போதாவது.

பெட்டியைப் போட்டேன். இரைந்தது.
மதுரை கரண்ட் அப்படித்தான்,
கீழ் மாடி ஏசி, ஜூஸ் கடை மிக்ஸி, தெருமுனை டிரான்ஸ்பார்மர்
எல்லாம் ஒரே கம்பியில் தொங்கும்.
இருபத்திரண்டு வருஷமாய் என் பிழைப்பே
அந்த இரைச்சலைக் கொல்வதுதான்.
சோணை, எர்த்தைப் பாருடா என்றேன்.
அவள் கையைக் காட்டினாள். இரு.

கிதாரை மடியில் கிடத்தி
பெட்டிப் பக்கம் காதைக் கொடுத்து
கீழ்க்கம்பி ஒன்றை இறக்கினாள், கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
முனகலுக்குள் கம்பி போய் உட்காரும் வரை.

மேடை மாறும், பாஷை மாறும், காசு மாறும்.
கரண்டுக்கு ரெண்டே சுருதிதானாம்.
ஐம்பது. அறுபது.
இங்கே ஐம்பது, லிஸ்பன் ஐம்பது, அவள் பிறந்த இடமும் ஐம்பது.
ஒசாகா அறுபது; அதே ஜப்பானில் டோக்கியோ ஐம்பது.
ரயிலிலேயே கம்பியை இறக்கிவிடுவாளாம்.
பதினாறு நாட்டுக்கு
ரெண்டு விரலை விரித்துக் காட்டினாள்.

அன்றைக்கு வந்தது முப்பத்தொரு பேர்.
ஒன்பது பேர் சாப்பிட வந்தவர்கள்.
நடுப்பாட்டில் ஒருத்தர் சர்வரைக் கூப்பிடக் கைதட்டினார்,
தனக்கென்று நினைத்துக் கும்பிட்டாள்.
நான் இரைச்சலைத் தொடவில்லை.
பாவுக்குள் ஊடை ஓடுகிற மாதிரி அதற்குள் அவள் குரல் ஓடியது.
செல்லூர்க்காரனுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்?

வசூல் ஆறாயிரத்துச் சொச்சம், என் வாடகை எட்டு.
பையைக் கவிழ்த்தாள்:
யூரோ சில்லறை, இலங்கை நோட்டு, எந்த ஊர்தோ ஒரு பஸ் டோக்கன்.
பாக்கிக்கு ஒரு சிடி கொடுத்தாள்.
அதைப் போட என்னிடம் மிஷின் இல்லை.
சோணை தன் சைக்கிள் பின்னால் கட்டியிருக்கிறான்,
ராத்திரி லாரி லைட்டில் நன்றாக மின்னுகிறது.
விடியுமுன் கொச்சி பஸ் ஏறிவிட்டாள்.

போன ஞாயிறு சமயநல்லூரில் ஒரு காதுகுத்து.
ஜெனரேட்டரை நிறுத்திக் கரண்டுக்கு மாற்றியதும்
பெட்டி இரைந்தது.
எர்த் கம்பி நட்ட இடத்தில்
உப்புத்தண்ணிக் குடத்தைச் சாய்க்கப் போனான் சோணை.
கொஞ்சம் பொறுடா என்றேன்.
பெட்டி மேல் கை வைத்தேன்.
லிஸ்பன். ஹாம்பர்க். பெயர் மறந்துபோன அந்த மீன் ஊர்.
பிள்ளை வீறிடுகிறது,
தாய்மாமன் மைக் கேட்டுக் கத்துகிறான்.

சரி, ஊத்து.